சாடி கழுவின நாள்

2023 செப்டெம்பர். வெளிநாட்டில் நாங்கள் இப்ப இருக்கிற மவுண்ட் ரோஸ்கில்லில், எங்கள் பக்கத்து வீட்டு அனுஷ் வேலியைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதா. அவ ஆர்மீனியப் பிள்ளை. கரபாக் மலையில் ஒரு சின்னக் கிராமம் அவவின் ஊர். பழைய கல்லுக் கோயிலும் திராட்சைத் தோட்டமும்தான் அங்கே. இரண்டு பகுதியும் தங்கட நிலம் என்று அடிபடுகிற இடம். அன்றைக்கு அந்த ஊருக்குச் செல் அடித்தார்கள், பீரங்கிக் குண்டு. அவவின் அக்கா மரியமும் குடும்பமும் அங்கே. போன் போகவில்லை.

செல் என்றால் எனக்குத் தெரியும். எங்கட ஊர்ச் சண்டையில், வன்னியில், என் மகன் பதுங்கியிருந்த பங்கர்க் குழிக்குள்ளேயே செத்தான். பொறுக்கி எடுத்ததை ஒரு சாரத் துணியில் கட்டினேன். அதுக்குப் பிறகு கோயிலுக்குப் போவேன், வாய் திறந்து ஜெபித்ததில்லை.

அனுஷைக் கூட்டிவந்து இருத்தி, ஜெபிப்பம் என்றேன். என் வாயில் அது வந்தது எனக்கே ஆச்சரியம். அவ இங்கிலீஷில் கேட்டதை, வீட்டில் என்னோடு இருக்கிற மருமகள் தயங்கித் தயங்கித்தான் தமிழில் சொன்னா.

"உங்கட கடவுள் உங்கட மகனைக் காப்பாத்தினாரோ, மாமி?"

"இல்லைப் பிள்ளை. ஆனாலும் கேப்பம். வேற ஆரிட்டைக் கேக்கிறது?"

முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, ஒரு குழிக்குள்ளாவது அவர்களை ஒளித்து வையும், அந்தக் குழிக்கு மேல் உம்முடைய கை இருக்கட்டும் என்று கத்தி அழுதேன். அந்த வீட்டில் குழியே இல்லை என்று அனுஷ் விம்மினா.

ஒரு கிழமைக்குப் பிறகு போன் வந்தது. மரியம்தான். அவர்கள் ஊரில் வைன் ஊற்றும் பெரிய மண் சாடிகளை வீட்டுக்குள்ளேயே கழுத்துவரை நிலத்தில் புதைத்து வைப்பார்களாம். புது வைனுக்கு முன்னம் ஒருவர் உள்ளே இறங்கி உரஞ்சிக் கழுவ வேணும். முதல் செல் விழுந்தபோது மரியம் சாடிக்குள். தண்ணி நீட்டின சின்ன மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறா. வீடு அப்படியே சாடிக்கு மேல் இடிந்தது. முற்றத்தில் நின்ற புருஷன் துண்டு துண்டாய்ப் போனார். கட்டியிருந்த நாயும் தப்பவில்லை. அயலார் கல்லைப் புரட்டித் தாயையும் பிள்ளையையும் உயிரோடு எடுத்தார்கள். சனத்தோடு சனமாய் மலை இறங்கி ஆர்மீனியா போய்ச் சேர்ந்தார்கள்.

அனுஷ் அத்தானுக்காகக் குழறி அழுதா, அக்காவுக்காக என்னைக் கட்டிப்பிடித்தா. "அந்தச் சாடியை நான் மறந்தே போனன், மாமி," என்றா.

என் மகனை ஆண்டவர் ஏன் சாக விட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒருநாள் அவரிட்டைப் போய்ச் சேரேக்க கேட்பேன். ஆனால் பூட்டிக் கிடந்த என் வாயை அவர் திறந்தார், அவருக்கு நன்றி. இப்ப வெள்ளிக்கிழமைகளில் அனுஷும் வாறா. அவ தன் பாஷையில், நான் என் பாஷையில் ஜெபிக்கிறம்.

கேட்டும் கிடைக்காதவர்கள் இதைக் கேட்கிற உங்களுக்குள்ளும் இருப்பார்கள். நானும் அப்படித்தான். எனக்குப் பக்கத்தில் வந்து முழங்காலில் நில்லுங்கள். இன்னொருவரின் பிள்ளைக்காகக் கேட்பம்.