மூடியில் படிந்த வெள்ளை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி விடியற்காலையில், திருப்பரங்குன்றம் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியின் மொட்டை மாடியில் நடந்தது இது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். திருமங்கலத்தைச் சுற்றியுள்ள மாட்டாஸ்பத்திரிகளுக்குத் திரவ நைட்ரஜன் கேன்களை வண்டியில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. மாடுகளுக்குப் போடும் சினை ஊசி அந்தக் குளிரில்தான் கெடாமல் இருக்கும். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. யார் எதைக் கேட்டாலும் அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்தக் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஒரு மேடம், எங்கள் முதலாளியிடம் பேசி ஒரு கேன் வாங்கியிருந்தார். மாடிக்குக் கொண்டுபோனேன். தகரத்தில் செய்த பெரிய புனல் ஒன்று அங்கே நின்றது. செல்லூர்ப் பட்டறையில் அடித்ததாம். எதற்கு என்று கேட்கக் கூச்சம். என் முகத்தைப் பார்த்து அவராகவே சொன்னார்.

உலகம் உண்டான காலத்துச் சூடு ஆறி ஆறி, கொஞ்சம் மட்டும் இன்னும் வானம் முழுக்க மிச்சம் இருக்கிறதாம். இதற்கு மேல் குளிரவே முடியாது என்கிற இடத்திலிருந்து எண்ணினால் அது மூன்று டிகிரிகூட இல்லையாம். அதை அளக்கத்தான் இந்தப் புனல் வைத்த கருவியாம். ஆனால் கருவி தன் சூட்டையும் சேர்த்துக் காட்டிவிடும்.

"அதக் கழிச்சாத்தாண்ணே வானத்தோடது தெரியும். எம்புட்டுக் குளிருன்னு முன்னாடியே தெரிஞ்ச ஒண்ணக் காட்டித்தான் கருவிய சரி பாக்கணும். ஒங்க நைட்ரஜன் அதுக்குத்தான்."

அப்போது துறைத்தலைவர் படியேறி வந்தார்.

"என்னம்மா, கீழ மாட்டாஸ்பத்திரி வண்டி நிக்கிது? எந்த மாட்டுக்கு ஊசி?"

புனலைத் துடைத்துக்கொண்டிருந்த அட்டெண்டர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"இன்னைக்கும் அந்த மூணு வரலேன்னா கழட்டிருவோம்மா. இங்க சோலார் வைக்க ஆளு வாராங்க," என்றார் சார். லீவு நாளெல்லாம் இந்த மாடியிலேயே கிடந்து மேடம் செய்த கருவி அது என்று அட்டெண்டர் என் காதில் சொன்னார்.

தெர்மகோல் பெட்டிக்குள் கறுப்பு ஸ்பாஞ்சு இருந்தது. கையுறை போட்டு அதில் நைட்ரஜனை ஊற்றினேன். மெல்லிய தெர்மகோல் மூடியைப் போட்டு, புனலைக் கவிழ்த்து அதைப் பார்க்க வைத்தார்கள். பிறகு வானத்தைப் பார்க்க நிமிர்த்தினார்கள். மலை இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவில்லை. மலையும் சூடு வீசுமாம்.

கம்ப்யூட்டரில் கணக்கு வந்தது. மூன்றுக்குப் பக்கம்! அட்டெண்டர் கை தட்டினார். சார் கை கொடுக்க வந்தார். மேடமோ பெட்டிக்கு வந்து குனிந்து பார்த்தார். மூடியின் மேல் வெள்ளையாகப் பனி படிந்து ஈரம் கோத்திருந்தது.

"அண்ணே, இது பெட்டியக் காட்டும்போதே இருந்துச்சா, இல்ல இப்பத்தான் புடிச்சதா?"

மற்ற எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்த்திருந்தார்கள். பெட்டி பக்கத்தில் நின்றவன் நான் மட்டும்தான். 'இப்பத்தான் மேடம்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவர் கருவி பிழைத்துவிடும் என்று எனக்கும் புரிந்தது.

"அவருக்கு என்னம்மா தெரியும், விடுங்க," என்றார் சார்.

"அவர்தான சார் பக்கத்துல நின்னாரு. அண்ணே, எனக்காகப் பாக்காதீங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சு மேடம். காட்டும்போதே நல்லாப் படிஞ்சிருச்சு."

மேடம் அந்த மூடியை எடுத்து ஓரமாக வைத்தார். "அப்ப இந்த மூணு செல்லாது சார்." ஈரத்தின் சூட்டையும் கருவியின் சூடு என்று சேர்த்துக் கழித்துவிட்டதால், தற்செயலாக மூன்று வந்திருக்கிறது என்றார்.

கேனில் கொஞ்சம் மீதி இருந்தது. காய்ந்த மூடியைப் போட்ட உடனேயே புனலைக் காட்டினார்கள். வெள்ளை படியுமுன் எடுத்துவிட்டு வேறு மூடி போட்டார்கள். கேன் காலியாகும் வரை அப்படியே செய்தோம். ஒவ்வொரு தடவையும் ஒன்பதை ஒட்டியே வந்தது.

"மூணே நல்லாத்தான இருந்துச்சு மேடம்," என்றார் அட்டெண்டர்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாம அளந்தது இல்லையே. மிச்ச ஆறும் தரைச் சூடு புனல் விளிம்பு வழியா உள்ள வாரதுன்னு நெனைக்கிறேன். இனி அதப் புடிக்கணும்."

சார் புனல் பக்கம் போய் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "சோலார அந்தப் பக்கம் வைக்கச் சொல்றேன். கைக்கு வந்த பதிலையே வேணாம்னு சொல்ற ஆளுகிட்ட இருந்து இத எப்பிடிம்மா புடுங்க?"

அதன் பிறகும் பல தடவை அங்கே கேன் கொண்டுபோயிருக்கிறேன். ஒன்பது இப்போது ஏழாகியிருக்கிறது, மூன்றாகவில்லை. மேடம் விடுவதாக இல்லை. எனக்கும், எதிரே நிற்பவருக்குப் பிடித்த பதில் நாக்கில் வந்து நிற்கும்போதெல்லாம், நான் கண்ணால் பார்த்தது என்ன என்று ஒரு தடவை எனக்குள்ளேயே கேட்டுவிட்டுத்தான் இப்போது வாய் திறக்கிறது.