சிவராமன் மாற்றிய பிரேக்

தருமபுரத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் சிவராமன், பிரேக் வேலை பார்த்த எந்த வண்டியையும் பத்து கிலோமீட்டராவது தானே ஓட்டிப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். ஜவஹர் அலியின் பத்மினி காரை மட்டும் விட்டுவிட்டார்.

சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த ஜவஹர் அலி ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. எண்பத்து மூன்றாம் வருஷத்து வண்டி. பாடியில் பொட்டுத் துரு கிடையாது. ஆனால் நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். அழுத்தினால் யோசித்து யோசித்துத்தான் நிற்கும். ஒரு மழைநாளில் முன்னால் போன பஸ்ஸை இடிக்காமல் மயிரிழையில் நின்றது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி அஜீசுன்னிசா, இனி இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்காகத்தான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றச் சொன்னார் ஜவஹர் அலி.

சிவராமன் ஒரு வாரம் உழைத்தார். சின்ன கார் ஒன்றின் டிஸ்க்கை வாங்கி, பொருத்தும் தகட்டை லேத்தில் கொடுத்துக் கடைந்து, குழாயெல்லாம் புதிதாக வளைத்தார். சனிக்கிழமை காலை வேலை முடிந்தபோது ஜவஹர் அலி மனைவியோடு வந்து நின்றார். நாகூரில் தம்பி வீட்டு விருந்து.

"சாயங்காலம் எடுத்துக்கலாமே பாய். நான் இன்னும் ரோட்ல ஓட்டிப் பாக்கல."

"மத்தியானத்துக்குள்ள போயாவணுங்க. நீங்க ஒரு ரவுண்டு பாத்துட்டுக் குடுங்க, போதும்."

திருநள்ளாறு போகிற கூட்டத்தில் மெயின் ரோடு அடைத்துக் கிடந்தது. தெருவுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டினார். தொட்ட இடத்தில் நின்றது. இறங்கி முன்சக்கரத்தில் கை வைத்தார். லேசாகச் சுட்டது. புது பிரேக் கட்டை, படிகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அஜீசுன்னிசா சிரித்துக்கொண்டே முன்சீட்டில் ஏறினார்.

கால் மணி நேரம் கழித்து, டீயை வாயில் வைத்தபோதுதான் உறைத்தது. டிரம் பிரேக்குக்குக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்க வேண்டும். அதற்காக, பிரேக் எண்ணெயைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. கட்டை விலகாமல் உரசி உரசிச் சூடேறி, எண்ணெய் கொதித்து, கடைசியில் பெடல் வெறுமனே உள்ளே போகும். அந்த வால்வை அவர் கழற்றவில்லை.

போன் அடித்தார். எடுக்கவில்லை. ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு நாகூர் சாலையில் போனார். திருமலைராயன்பட்டினம் தாண்டி, ஒரு மதகுச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது பத்மினி. கரிந்த வாடை தூரத்திலேயே அடித்தது. அஜீசுன்னிசா வலது மணிக்கட்டைப் பிடித்தபடி சாலையோரம் உட்கார்ந்திருந்தார்.

"சைக்கிள்காரர் ஒருத்தர் குறுக்க வந்தாருங்க. அமுக்குனா தரையோட போவுது. ஹேண்ட்பிரேக்க இழுத்து வண்டிய ஓரமா ஒடிச்சுட்டேன்," என்றார் ஜவஹர் அலி. "என் தப்புதான். புது பிரேக்காச்சேன்னு வழி பூரா காலை அதுமேலயே வச்சிருந்துட்டேன்."

சிவராமன் வால்வைப் பற்றிச் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எலும்பு முறிவு என்று கட்டுப் போட்டார்கள்.

சிவராமன் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜவஹர் அலியே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாயிற்று. அதுதான் அவரைத் தின்றது. மூன்றாம் நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னார்.

ஜவஹர் அலி ஒன்றுதான் கேட்டார். "சக்கரம் சுட்டது தெரிஞ்சுமா சாவியக் குடுத்தீங்க?"

"ஆமா பாய்."

கட்டுப்போட்ட கையோடு அஜீசுன்னிசா உள்ளிருந்து வந்தார். "அந்த வால்வு சமாச்சாரம் உங்களுக்கு முன்னாடியே தெரியும்லண்ணே?"

"தெரியும்மா. மறந்துட்டேன்."

"அன்னிக்கு ரோட்லயே சொல்லியிருக்கலாம். ரெண்டு நாளா இவுக தன்னையே ஏசிக்கிட்டு கெடந்தாக."

சிவராமன் வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார். வால்வை எடுத்துப் பின்சக்கரக் குழாயில் மட்டும் சேர்த்தார். வெந்த கட்டைகளை மாற்றி, நசுங்கின முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினார். அம்பகரத்தூர் வரை மூன்று நாள் போய்ப்போய் வந்தார். ஒவ்வொரு முறையும் சக்கரம் நாலையும் தொட்டுப் பார்த்தார். குறை ஒன்றுமில்லை. ஜவஹர் அலி வந்து, சரி என்று ஒரு வார்த்தை சொல்லி ஓட்டிப் போனார்.

கட்டுப் பிரித்த பிறகும் அஜீசுன்னிசாவால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டார். வண்டி இப்போது வேறொரு பட்டறைக்குப் போகிறது. கடைத்தெருவில் பார்த்தால் ஜவஹர் அலி தலையசைக்கிறார். சிவராமனும் தலையசைத்துவிட்டு, எதிர்ச் சாரிக்கு மாறி நடக்கிறார்.