சீலுக்குள் சிக்கிய நூல்

கார் நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டினால் தெருவில் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். இஞ்சின் ஆயில் என்றார் ஒருவர். பழசு என்றால் அப்படித்தான், விற்றுத் தலைமுழுகுங்கள் என்றார் இன்னொருவர். ராஜபாளையத்தில் எங்கள் தெரு குறுகலானது. காரை எடுத்தால் தரையில் கிடக்கும் கறுப்பு வட்டம் யார் கண்ணுக்கும் தப்பாது. அது கியர் பாக்ஸ் எண்ணெய் என்பது எனக்குத் தெரியும். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விரலில் தொட்டு முகர்ந்தாலே எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

விற்க முடியாமல் போனது என் மனைவியால். அவளுக்கு மறதி நோய். பிள்ளையின் பெயர் போயிற்று, சமையல் போயிற்று, நான் யாரென்பதும் பெரும்பாலும் தெரியாது. காலையில் காப்பி கொடுத்தால் வாங்கிக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்ப்பாள். வெயில் தாழ்ந்ததும் ஒரு பையில் சேலையைத் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "வீட்டுக்குப் போணும்" என்பாள். இதுதான் உன் வீடு என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அழுவாள், அதற்கு மேல் என்னை அடிப்பாள். அவள் கேட்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவள் பிறந்த வீட்டை. எனக்கு அது தாய்மாமன் வீடு. இப்போது மாமாவும் இல்லை, அந்த வீடும் இல்லை. இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள்.

அதனால் தினமும் சாயங்காலம் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போவேன். கல்யாணமான புதிதில் வாங்கிய சின்னக் கார். கியர் தண்டு ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும். முன்சீட் நடுவில் இடைவெளி இல்லாமல் பெஞ்சு போல நீளமாக இருக்கும். ஏறியதும் அவள் நகர்ந்து வந்து என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டு போவேன். கொஞ்ச தூரம் போனதும், "அத்தான், அம்மாவுக்குப் பழம் வாங்கலையே" என்பாள். அத்தான்! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காலையிலிருந்து காத்திருப்பேன். வேறெங்கும் அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை.

மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயில் முன்னால் வண்டியைச் செத்த நேரம் நிறுத்துவேன். கோபுரத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்து சேர்ந்துவிட்ட நிம்மதி வரும். திரும்பும்போது தூங்கிவிடுவாள். ஆட்டோவில் கூட்டிப்போனபோது பாதி வழியில் குதிக்கப் பார்த்தாள். வெளியூரிலிருந்து மகன் வந்தபோது அவனுடைய புதுக் காரில் ஏற்றினோம். "யாரு வண்டியில என்னய ஏத்துறீக" என்று கதவை அடித்துக் கூச்சல் போட்டாள். எங்களுக்கு இந்த ஒரு கார்தான் கதி.

ஒரு சாயங்காலம் பாதி ரோட்டில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. இஞ்சின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கியர் பாக்ஸின் முன்பக்கம் எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான சீலிலிருந்து எண்ணெய் கசிந்து கிளட்ச் பிளேட்டுக்குப் போய்விட்டது. எப்படியோ உருட்டி வீடு சேர்ந்தேன். மறுநாள் தென்காசி ரோட்டில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

அந்த மெக்கானிக் என்னைவிடக் கோபக்காரர். "அண்ணாச்சி, பாக்ஸ எறக்கி ஏத்துறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிரும். எம்புட்டு நாளைக்குத்தான் இதைக் கட்டிட்டு அழுவீக?" என்றார். அழுவது எதற்காக என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

சீல் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வரவேண்டும். அது வரும்வரை சாயங்காலங்கள் நரகமாகத்தான் இருந்தன. அண்ணன் காலமான பிறகு எங்களோடு இருக்கும் மதினிதான் அவள் கையைப் பிடித்துக்கொள்வார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல கொண்டுபோய் விடுங்க" என்று கெஞ்சுவாள். நான் கிட்டே போனால் பின்வாங்குவாள்.

சீல் வந்தது. மெக்கானிக்கும் நானும் உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் எதைத் துடைப்பதென்றாலும் மில் வேஸ்ட்தான். நூற்கும்போது அறுந்து விழும் நூலும் பஞ்சும் சுருண்டு கிடக்கும் கழிவு அது. ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு சாக்கு இருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்துவிட்டுப் போவார்கள். நமக்கு அதெல்லாம் கேவலம். மெக்கானிக்கிடம் இருந்தது அழுக்கு வேஸ்ட் என்று, பழைய மில் நண்பரிடம் சொல்லி நல்ல வெள்ளை வேஸ்ட்டாகக் கொண்டுபோயிருந்தேன். சீல் உட்காரும் ஷாஃப்டை நானே பார்த்துப் பார்த்துத் துடைத்தேன். கிரீஸ் தடவி, சீலைப் பொருத்தி, பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி, பாக்ஸை ஏற்றினோம்.

அன்று சாயங்காலம் போனோம். அத்தான் என்றாள். பழம் வாங்கவில்லையே என்றாள். அன்றைக்கு உண்மையாகவே இறங்கிப் பழம் வாங்கி அவள் மடியில் வைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் காலையில் காருக்கு அடியில் அதே கறுப்பு வட்டம்.

மறுபடியும் பாக்ஸை இறக்கினோம். "சீல் டூப்ளிகேட் அண்ணாச்சி, ஏமாத்திட்டானுக" என்று மெக்கானிக் கத்தினார். நீர்தான் கோணலாக அடித்தீர் என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். பிறகு செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். சீலின் உதட்டுக்கு அடியில் ஒரே ஒரு வெள்ளை நூல் ஷாஃப்டைச் சுற்றிக் கிடந்தது. கிரீஸில் ஒட்டி உள்ளே போயிருக்கிறது. விளக்குத் திரியில் ஏறுவது போல எண்ணெய் அதன் வழியே ஏறி வெளியே வந்திருக்கிறது. மெஷினுக்குள் பஞ்சு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வாழ்நாள் முழுக்க வேலை. தலையில் அடித்துக்கொண்டேன். மெக்கானிக் அந்த நூலை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கழற்றியதில் அந்தச் சீலும் கிழிந்துவிட்டது. இந்தத் தடவை சீல் மதுரையிலும் இல்லை. எண்ணெயில் ஊறிய கிளட்ச் பிளேட்டும் இனி உதவாது. கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். நான் தினமும் ஒர்க்‌ஷாப்பில் போய் நிற்பேன். என்ன செய்தால் சீக்கிரம் வரும் என்று கேட்பேன். ஒன்றும் செய்வதற்கில்லை என்பது எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்பேன். வீட்டில் இருந்தால் வாசலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு சாயங்காலம் அவள் பை இல்லாமல் வாசலுக்கு வந்தாள். இன்னொரு நாள் வாசல்வரை வந்து எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் வரவில்லை. "இன்னைக்குத் தொந்தரவே இல்ல, நாற்காலியில பேசாம இருக்கா" என்று மதினி சந்தோஷமாகச் சொன்னார். கேட்பதையே மறந்துவிட்டாளோ என்று பார்சல் ஆபீசுக்கு ஓடினேன்.

ஒருவழியாகச் சீலும் பிளேட்டும் வந்து, பழைய வேட்டியால் துடைத்து, பாக்ஸை ஏற்றி முடித்தோம். அடியில் அட்டையை விரித்துப் பார்த்தோம். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. "பேரன் காலம் வரைக்கும் ஓடும் அண்ணாச்சி" என்றார் மெக்கானிக். வீட்டுக்கு ஓட்டி வந்து, வெயில் தாழும்வரை காத்திருந்து, வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தேன். யாரும் வெளியே வரவில்லை.

உள்ளே போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வீட்டுக்குப் போவோமா? மடவார் வளாகத்துக்கு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வழக்கமான சந்தேகம்கூட இல்லை. விருந்தாளியிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னாள்: "நீங்க கெளம்புங்கய்யா. பொழுது சாயுது. உங்க வீட்டுல தேடுவாக."

சரிம்மா என்று எழுந்தேன். காரை எடுத்துக்கொண்டு தனியாகவே கோயில் வரை போய்த் திரும்பினேன். கிளட்ச் நன்றாகப் பிடித்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.