பயந்தாங்கொள்ளி பாசிலியா

மலைமேல் இருக்கும் எங்கள் எல் ஆல்டோ நகரத்தில் பாசிலியாவைப் போலப் பயப்பட இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பயம். தெருநாய்க்குப் பயம். நாய் குரைக்காவிட்டால், ஏன் குரைக்கவில்லை என்று பயம். சந்தையில் உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடி, வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள். மருமகன் அவளுக்கு இடிதாங்கி என்று பெயர் வைத்திருந்தான். ஊரில் விழுகிற இடியெல்லாம் முதலில் மாமியார் தலையில்தான் இறங்குமாம்.

மகள் நைராவுக்கு அலுத்துப்போயிற்று. மனநல டாக்டரிடம் நேரம் வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மாவை இழுத்துக்கொண்டு, கீழே லா பாஸ் நகரத்துக்குப் போகும் கேபிள் காரில் ஏறினாள்.

"அந்த டாக்டரம்மா என்னடி கேப்பாங்க?"

"நீ எதுக்கெல்லாம் பயப்படுறேன்னு கேப்பாங்க."

"எல்லாத்தையும் சொல்லணுமா? சாயங்காலம் ஆயிடுமே!"

உள்ளே ஒரு ரொட்டிக்காரி, ஒரு பள்ளிக்கூடச் சிறுமி, டை கட்டிய இளைஞன் ஒருவன். வழக்கப்படி எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். பாதி வழியில் ஆலங்கட்டி மழை பிடித்தது. மின்னல் வெட்டியது. பெட்டி நடு ஆகாயத்தில் நின்று, ஆடத் தொடங்கியது. மின்னல் விலகும்வரை பொறுத்திருக்கச் சொன்னது ஒலிபெருக்கி.

சிறுமி அழுதாள். நைரா அவளை அணைத்துக்கொண்டாள்.

"அழாத பாப்பா," என்றான் டைக்காரன். "கம்பி அறுந்தாலும் கீழ ரொட்டிக்கடைதான். சுடச்சுட விழுவோம்!"

"உன் வாயைக் கழுவுடா!" என்றாள் ரொட்டிக்காரி. சிறுமிகூடச் சிரித்துவிட்டாள். நைராவும் சிரித்தாள்.

பாசிலியா சிரிக்கவில்லை. அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை, விரல்களில் இருந்தது. வாய் ஜோக்கடித்துக்கொண்டிருக்க, விரல்கள் கதவின் இடுக்கைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தன.

ஏறியதிலிருந்து கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தவள், அதை விட்டாள். ஆடுகிற பெட்டியில் எழுந்து நடந்து, அவனுக்கும் கதவுக்கும் நடுவில் தன் அகலமான பாவாடையோடு புகுந்து உட்கார்ந்தாள். முதுகில் மூட்டையாகக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தரையில் விரித்தாள். அவித்த மொச்சை, காய்ந்த கறுப்புக் கிழங்கு, பாலாடைக்கட்டி.

"அப்தாப்பி!" என்றாள்.

அப்தாப்பி என்றால் கூட்டுச் சாப்பாடு; துணி விரிந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் ஒதுங்கி நிற்க முடியாது. கையில் இருப்பதைத் துணியில் போட்டுவிட்டுக் கூடித் தின்றே ஆக வேண்டும். 'இங்கே உண்ணாதீர்' என்று தலைக்கு மேலே ஒட்டியிருந்ததை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரொட்டிக்காரி ரொட்டி போட்டாள். சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிப்ஸைக் கொட்டினாள்.

"நீ என்ன தம்பி போடுற?"

அவன் கோட்டுப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சு வந்தது.

"உரி. ஆளுக்கொரு சுளை வரணும்."

அவன் பழத்தை மடியில் வைத்தான். "என்னால மூச்சு விட முடியலம்மா," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "கதவைத் திறக்கணும். தள்ளுங்க."

"தெரியும்ப்பா. எனக்குப் பயம் தொண்டையில கல்லு மாதிரி நிக்குது. உனக்கு எங்க நிக்குது?"

அவன் விழித்தான். "நெஞ்சுல."

"பெரிய கல்லா?"

"பெரிசும்மா."

"பெரிசுன்னாலும் உருண்டு போயிடும். எனக்குத் தெனமும் வந்துட்டுப் போவுது. நீ உரி."

அவன் உரித்தான். மூச்சு மெல்ல இறங்கியது.

நைரா அம்மாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிழங்குக்கு விலை சொல்கிற அதே குரல். பாவாடைக்குள்ளே முழங்கால் மட்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அழுத பிள்ளைதான் பயந்த பிள்ளை என்று நைரா நினைத்திருந்தாள். இத்தனை வருஷம் பயத்தோடு ஒரே அடுப்பில் சமைத்த அம்மாவுக்கோ, அது சிரிப்பு வேஷம் போட்டு வந்தும் அடையாளம் தெரிந்துவிட்டது. இடிதாங்கி எதற்காக உயரத்தில் நிற்கிறது என்று மருமகனும் யோசித்ததில்லை, நைராவும் யோசித்ததில்லை.

பெட்டி நகர்ந்தது. நிலையத்தில் டைக்காரன் பாசிலியாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஜோக் எதுவும் சொல்லாமல் போனான்.

பாசிலியா பக்கத்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். தலைத்தொப்பி நடுங்கியது.

"நைரா, இப்ப நான் பயந்துக்கலாமா?"

டாக்டர் கொடுத்த நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால், சும்மா எழுந்து வாம்மா என்று நைரா கத்தியிருப்பாள்.

"பயந்துக்கோம்மா," என்று பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "முடிஞ்சதும் சொல்லு. டாக்டர் காத்திருக்கட்டும்."