தம்பியை நாங்கள் எரிக்கவில்லை

எங்கள் ஜனத்தில் கல்யாணம் ஆனவர்கள் செத்தால் எரிப்பதுதான் வழக்கம். எங்கள் அப்பாவை, நைனாவை எரித்தோம். நைனாவின் அண்ணன் தம்பிகளை எரித்தோம். என் தம்பியை மட்டும் புதைத்தோம். புதைக்கச் சொன்னவள் நான். அதற்காக அம்மா பல மாதம் என்னோடு பேசவில்லை. சொந்தக்காரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கம்பெனி வேலைக்குப் போகிற திமிர், நாலு எழுத்துப் படித்த கொழுப்பு, செத்தவனைக்கூட நிம்மதியாக விடாதவள். பேசட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி நடக்கவில்லை, அதனால் பேச முடிகிறது. அந்த நாள் திரும்பி வந்தாலும் நான் புதைக்கத்தான் சொல்வேன்.

காரணம் ஒன்றுதான். போலீஸ் அடித்துத்தான் அவன் செத்தான் என்பதைச் சொல்ல அவன் உடம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. எரித்துவிட்டால் அதுவும் போயிற்று. என்றைக்காவது ஓர் அதிகாரி உத்தரவு போட்டுத் தோண்டுவார், ஒரு டாக்டர் பார்ப்பார், இவன் காவலில் செத்தவன் என்று சர்க்கார் எழுதும் என்று மண்ணில் வைத்தோம்.

தம்பி திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வேன் ஓட்டினான். சமையல் பாத்திரம், நாற்காலி, பூ அலங்காரச் சாமான் என்று ஏற்றி இறக்குகிற வேலை. எங்கள் வீடு நகரிப் பக்கம். காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வருவான், முகூர்த்த நாளில் அங்கேயே தங்கிவிடுவான். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகவே கடிப்பான். என்னோடு சண்டை போடாத வாரம் கிடையாது. பீடி உண்டு, சீட்டாட்டம் உண்டு, பொண்டாட்டியிடம் பொய் உண்டு. திருட்டு மட்டும் கிடையாது.

ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டாரின் நகைப்பை காணாமல் போனது. மண்டபத்தில் வேலை செய்த எல்லோரையும் விசாரித்துவிட்டு இவனை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நகரிக்காரன், ஊரைத் தாண்டினால் தமிழ்நாடு, நகை அந்தப் பக்கம் கைமாறியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பை பிறகு பெண்ணின் சித்தி வீட்டு பீரோவிலேயே இருந்ததாகக் கேள்விப்பட்டோம். கேள்விதான், யாரும் வந்து எங்களிடம் சொல்லவில்லை.

போன் ஸ்விட்ச் ஆஃப். நானும் மாமாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டில் அப்போது மிஞ்சியிருந்த ஒரே பெரிய ஆம்பிளை. அப்படி யாரும் இங்கே இல்லை என்றார் வாசலில் நின்ற கான்ஸ்டபிள். உள்ளே முற்றத்தில் தம்பி ஓட்டும் வேன் நின்றுகொண்டிருந்தது. முன் கண்ணாடியில் அவன் ஒட்டியிருந்த மகளின் பெயர்கூட அப்படியே இருந்தது.

"வண்டி இங்க கீது, ஓட்டினவன் எங்க கீறான் சார்?" என்று மாமா கேட்டார்.

"வண்டி வேற, மனுசன் வேற. வண்டிய விசாரணைக்குக் கொண்டாந்தோம்" என்றார் அவர். தமிழில்தான் சொன்னார். எங்களுக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்று நினைத்திருப்பார்.

இப்படி இரண்டு தடவை போய்த் திரும்பினோம். பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். பையனுக்கு உடம்பு சரியில்லை, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்று.

அம்மாவும் அவன் பொண்டாட்டியும் நானும் போனோம். தம்பி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். மல்லாந்து படுக்க முடியவில்லை. ஒரு கை விலங்கோடு கட்டில் கம்பியில். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு கான்ஸ்டபிள் போன் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் பாதம் இரண்டும் வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது. உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று நான் போர்வையைத் தூக்கினேன். பார்த்துவிட்டு மூடினேன். அதை எழுத எனக்குத் தெம்பில்லை. மூத்திரம் போகவில்லை, கிட்னி வேலை செய்யவில்லை என்று நர்ஸ் சொன்னாள். தம்பி தன் பொண்டாட்டியிடம் கேட்டது ஒன்றுதான். வேன் சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டான். மறுநாள் முகூர்த்தமாம், வேலை போய்விடுமாம்.

அன்றைக்கு மத்தியானம் எஸ்.ஐ.யே நேரில் வந்தார். அப்படி ஒரு மரியாதையை நான் போலீஸில் பார்த்ததே இல்லை. அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உங்க புள்ளைய விட்டுர்றோம்மா. ஸ்டேஷன் பெயில். பெரிய கேஸ் ஒண்ணும் இல்ல. வூட்டு ஆளு ஒருத்தரு கையெழுத்து போட்டா போதும்."

அம்மா அவர் காலில் விழாத குறை. நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், மாதச் சம்பளக்காரி, ஆகவே ஜாமீன் கையெழுத்தை நான் போட்டேன். காட்டின இடத்தில் எல்லாம் போட்டேன். இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. தம்பியை விடுகிறேன் என்கிறவனிடம் எந்த அக்கா வேண்டாம் என்பாள்? எனக்கு இருப்பது கோபம், அது வேறு. விலங்கைக் கழற்றினார்கள். கான்ஸ்டபிள் எழுந்து போனார், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். பிறகு கீழே போய் பன் வாங்கிக்கொண்டு வந்து வார்டு முழுக்கக் கொடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள்.

மறுநாள் காலையில் தம்பி செத்துப்போனான்.

போலீஸ் கேஸா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஆமாம் என்றோம். ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்கள். நேற்றே விட்டாச்சே, எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. அதோடு முடிந்தது. சிறுநீரகக் கோளாறு என்று எழுதினார்கள். போஸ்ட்மார்ட்டம் கிடையாது, சாதாரண சாவு. நான் கத்தினேன். வெளியில் போய்க் கத்தச் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மா புத்தூரில் இருந்தார். அவருக்குப் போன் செய்தேன். சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"காவல்ல இருக்கும்போது செத்தா மாஜிஸ்ட்ரேட் வரணும், போஸ்ட்மார்ட்டத்த வீடியோ எடுக்கணும், டெல்லி வரைக்கும் தகவல் போவணும். விட்டுட்ட பின்னாடி செத்தா இது எதுவும் வேணாம். ஏன் விட்டாங்கன்னு இப்ப புரியுதா?" என்றார். பிறகு, "ஒண்ணு மட்டும் செய்யி. எரிக்காத. இன்னா ஆனாலும் சரி, எரிக்க வுடாத" என்றார்.

பிணத்தோடு நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் விறகு வந்து இறங்கியிருந்தது. அனுப்பியது யார் என்று கேட்டால், மஃப்டியில் இரண்டு பேர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஐஸ் பெட்டியும் வேண்டாம், பொழுதோடு காரியத்தை முடித்துவிடுங்கள் என்றார்கள். ஏழை வீட்டுச் சாவுக்குப் போலீஸ்காரர்கள் விறகு வாங்கிக் கொடுத்ததை அதற்கு முன்னால் எங்கள் ஊர் கண்டதில்லை. வக்கீலம்மா சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தால், அந்த விறகைப் பார்த்ததும் அது போய்விட்டது.

புதைக்க வேண்டும் என்று சொன்னேன். ஊரே என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மா தலைவிரி கோலமாக வந்து என் முன்னால் நின்றாள்.

"என் புள்ளைய மண்ணுல போட்டு புழு துன்ன வுட சொல்றியா? நீ பொம்பளதானா?"

பதில் சொன்னது தம்பியின் பொண்டாட்டி. அதுவரை சுவரோடு சாய்ந்து கிடந்தவள். "பொதைங்க. எரிச்சிட்டா அப்பறம் இன்னாத்த வெச்சிக்கினு கேக்கறது?" என்றாள். தாலி கட்டிக்கொண்டவள் சொன்ன பிறகு மாமாவால் மறுக்க முடியவில்லை. மஃப்டிக்காரர்களில் ஒருவர் மட்டும் கிட்டே வந்து, எரித்தால்தான் ஆத்மா சாந்தி அடையும் என்று ஆரம்பித்தார். என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவற்றை இங்கே எழுதினால் அச்சாகாது.

எங்கள் நிலத்தின் கோடியில், மாமரங்கள் முடிகிற இடத்தில் புதைத்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மனுதான். தோண்டிப் பார்க்கச் சொல்லி மனு, விசாரிக்கச் சொல்லி மனு. கம்பெனியில் லீவு போட்டுவிட்டு திருப்பதிக்கும் சித்தூருக்கும் அலைந்தேன். இடையில் ஜில்லாவை இரண்டாகப் பிரித்தார்கள் அல்லவா, அது எங்கள் தலையில் விடிந்தது. செத்த இடம் திருப்பதி ஜில்லா, புதைத்த இடம் சித்தூர் ஜில்லா. புதைத்த இடத்தில் கேள் என்று அங்கே சொன்னார்கள், செத்த இடத்தில் கேள் என்று இங்கே சொன்னார்கள். சித்தூர் போகிற வழியில் கங்காதர நெல்லூரில் பஸ் நிற்கிறபோதெல்லாம் பேசாமல் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றும். திரும்பினால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். போவேன்.

கடைசியில் வக்கீலம்மா சொல்லித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதினேன். அந்த வருஷம் உங்கள் ஜில்லாவில் போலீஸ் காவலில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு பக்கமும் கேட்டேன். இரண்டு பக்கமிருந்தும் வந்தது ஒரே பதில். ஒருவரும் இல்லை. நேரில் போனபோது திருப்பதி ஆபீஸில் ஒரு குமாஸ்தா சிரித்துக்கொண்டே, "மா ஜில்லாலோ ஒக்கட்டி கூடா லேதம்மா" என்றார். எங்கள் ஜில்லாவில் ஒன்றுகூட இல்லையம்மா. நல்ல மகசூல் எடுத்த குடியானவன் மாதிரி சொன்னார். அந்த ஆள் கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் வீட்டில் ஒரு டம்ளர் காணாமல் போனால் தேடுவாரா மாட்டாரா என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றியது. எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் முடியும்போது ஒரு ஸ்க்ரூ குறைந்தால் லைனை நிறுத்திவிட்டுக் குனிந்து தேடுவோம். இங்கே ஓர் ஆள் குறைந்திருக்கிறான். குறையவே இல்லை என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

இந்த வருஷம் அம்மா படுத்துவிட்டாள். எழுந்ததும் முதலில் சொன்னது இதுதான். "அவன் கனவுல வந்து நின்னுக்கினே இருக்கான். எரிக்கல, சாம்பல் கரைக்கல, காரியம் பண்ணல. அவன் எங்க போவான்? போதும் உன் கோர்ட்டு கச்சேரி. தோண்டி எடுத்து எரிச்சிடலாம்." நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. அவள் பிள்ளை, அவள் ஆசை. ஆனால் புதைத்ததை நாமே தோண்டக் கூடாது, சித்தூர் கலெக்டர் ஆபீஸில் உத்தரவு வாங்க வேண்டும். நானும் அம்மாவும் போனோம்.

அதிகாரி சின்ன வயசு. அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அம்மாவுக்குத் தமிழைப் போலவே தெலுங்கும் வரும், ஆகவே நான் நடுவில் வரவில்லை. அவர் தெலுங்கில் சொன்னது இதுதான்: இத்தனை வருஷம் கேட்டும் கிடைக்காத உத்தரவை இன்றைக்கே தருகிறேன். குடும்ப வழக்கப்படி தகனம் செய்ய என்று போட்டுவிடலாம். நீங்கள் ஒன்றே ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். பையன் நோயால் செத்தான், எங்களுக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை, முன்னால் கொடுத்த மனுக்களை வாபஸ் வாங்குகிறோம். அவ்வளவுதான்.

அவரே ஆளைக் கூப்பிட்டு எழுதவும் சொன்னார். அம்மாவின் முன்னால் எழுதின காகிதத்தையும் பேனாவையும் வைத்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா பேனாவைத் தொடவில்லை.

"இதுல கையெழுத்து போட்டா, அவன் எப்படி செத்தான்னு இருக்கும்?"

"வியாதியால."

"எரிச்ச பின்னாடி யாரனா வந்து கேட்டா?"

"எதுக்கும்மா கேப்பாங்க? முடிஞ்சிரும்."

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப வேணாம் சார். அவன் அங்கியே இருக்கட்டும்" என்றாள். அதிகாரி என்னைப் பார்த்தார், நான் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்ததாக நினைத்திருப்பார். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

பஸ் புத்தூரைத் தாண்டியது. அம்மா சொன்னாள்.

"உன் மேல எனக்கு கோவம் போவல. சாவற வரைக்கும் போவாது."

"சரிம்மா."

"நான் செத்தா என்னியும் எரிக்காதீங்க. அவன் பக்கத்துல பொதச்சிடுங்க. தோண்ட வரும்போது அவன் கிட்ட யாரனா இருக்கணும் இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். "வருவாங்க இல்ல?"

"வருவாங்கம்மா" என்றேன்.