பம்பருக்குள் இருந்த புடவைத் துணி

இன்று மாலை தாம்பரம் பட்டறையில் இருந்தவர்கள்: நான், என் மகன் ஜோசப், மருமகள் ஸ்டெல்லா, ஃபைபர் வேலை செய்யும் பாபு.

போன மாதம் என் தம்பி செல்வராஜிடம் வாங்கிய பழைய காரின் முன்பக்க ஃபைபர் பம்பர் விரிசல் விட்டிருந்தது. "ஒரு கீறல்கூட விழாத வண்டி அக்கா" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

பம்பரைக் கழற்றி உள்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்த பாபு சட்டென்று கையை நிறுத்தினார்.

"ஏற்கெனவே உடைஞ்சி ஒட்ன எடம்மா இது. விரிசல்ல மாட்டுனத எடுக்காமலே மேல பசை ஊத்திக்கீறானுங்க. பாருங்க, துணி கீது."

பார்த்தேன். கண்ணாடி மாதிரி இறுகிய பசைக்குள் விரல் நீளத்துக்குக் கத்திரிப்பூ நிறத் துணி. அதன் ஓரத்தில் சிவப்பு நூல் தையல். கூடவே இரண்டு நரைமுடி. எல்லாம் நேற்று மாட்டியதுபோல இருந்தன.

அந்தத் தையல் நான் போட்டது. கீரைக்கார ராணியம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த புடவை. அதைக் கட்டிக்கொண்டு பல்லாவரம் சந்தையிலிருந்து வந்தபோதுதான் ஏதோ ஒரு கார் அவளை அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போனது.

அவள் அடக்கத்துக்குத் தம்பி பஸ்ஸில் வந்தான். "வண்டி சர்வீஸ்ல இருக்குக்கா" என்றான். அன்று விழுந்ததிலேயே பெரிய மாலை அவனுடையது.

"அத்தை, சொந்தத் தம்பி" என்றாள் ஸ்டெல்லா மெதுவாக.

"தேய்க்காதீங்க பாபு, அப்படியே குடுங்க" என்றேன்.

பம்பர் இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகிறேன். கூட யார் வருகிறீர்கள், கமெண்டில் சொல்லுங்கள்.

நீ லைக் போட மாட்டாய், ஆனால் படிப்பாய். உன்னை மட்டும் மன்னிக்க மாட்டேன், செல்வராஜ்.