கழுத்து வரை பெட்ரோல்

எந்தத் தொட்டியையும் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. எண்ணெய் வெயிலில் விரியும். ஆவிக்கும் இருக்க இடம் வேண்டும். ஆகவே மேலே காலியிடம் விட்டே நிரப்ப வேண்டும். துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் ஓய்வு பெறும் வரை என் வேலை. இந்த விதியை மீறி என் மேசைக்கு வந்த படிவம் எதுவும் கையெழுத்தோடு திரும்பிப் போனதில்லை. கப்பல்காரர்கள் என்னைப் பல மொழிகளில் திட்டியிருக்கிறார்கள். காதில் விழுந்தது, புரியவில்லை.

விதி எண்ணெய்த் தொட்டிகளுக்கானது. காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது என் கருத்தாக இருந்தது.

என் கார் பழையது. பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. அதில் பெட்ரோல் நாற்றம் வர ஆரம்பித்தது, வரவே கூடாத நேரத்தில். புன்னைக்காயலில் இருக்கும் என் மனைவியின் அக்காவுக்கு, அதாவது என் மதினிக்கு, வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த டீச்சர், ஜெபப் புத்தகத்தைக் குத்துமதிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார். இனியும் தள்ளிப்போட்டால் அறுவை சிரமமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூத்துக்குடிக்கு அழைத்து வந்து, எங்கள் வீட்டில் தங்க வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. தேதியும் வாங்கியாயிற்று.

முதல் தடவை போனபோது மதினி சேலை மாற்றி, பையோடு தயாராக நின்றார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவர், காலை வெளியே எடுத்துவிட்டார்.

"மாப்ள, இதுல ஏறுனா கண்ணு தெரியதுக்கு முன்ன மண்டை வெடிச்சிரும்."

"அக்கா, கண்ணாடிய இறக்கிவிட்டா காத்து வரும்லா?" என்றாள் என் மனைவி.

"காத்தோட தூசியும் வரும். இருக்குத ஒரு கண்ணுல அது விழவா?"

வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன். சொந்த மாப்பிள்ளை வாசலில் காரை வைத்துக்கொண்டு நிற்கும்போது வாடகை வண்டியில் போனால் ஊர் என்ன பேசும் என்று கேட்டார். ஊர் ஏற்கெனவே வாசலில் நின்று பேசிக்கொண்டுதான் இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "பெட்ரோல் நாத்தம் கடக்கரை வரைக்கும் வருது" என்றார். மீனும் டீசலும் நாறும் இடத்திலிருந்து இப்படி ஒரு சான்றிதழ் கிடைப்பது சாதாரண விஷயம் அல்ல.

தேதி தவறியது. மறுநாள் காரை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். கம்பெனியே அங்கீகரித்த வொர்க்‌ஷாப். சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் கணினியைச் செருகினார், உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"நாத்தம் எதுவும் இல்லையே சார்."

உண்மைதான். இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்ரோல் மூடியை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். அடுத்த தேதிக்குப் புன்னைக்காயல் போனோம். பழையகாயல் தாண்டுவதற்குள் என் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மதினி இந்தத் தடவை காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. வாசல் நடையில் நின்றபடியே, "நாறுது மாப்ள" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தனுப்பினார். அடுத்த இரண்டு நாள் காரில் பெட்ரோல் நாற்றமே இல்லை. சரியாகிவிட்டது என்று நான் அறிவித்தேன். மூன்றாம் நாள் கருவாட்டின் வீச்சம் அடங்கியதும் பழையகாயல் வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அறிவிப்பை வாபஸ் வாங்கினேன்.

முறைப்படி யோசித்தேன். டவுனுக்குள் ஓட்டினால் நாற்றம் இல்லை. வொர்க்‌ஷாப்பில் இல்லை. புன்னைக்காயலுக்குப் போகிற வழியில் மட்டும் வருகிறது. ஆகவே கோளாறு வழியில்தான் இருக்க வேண்டும். உப்பளத்துக் காற்று ஏதோ ஒரு குழாயை அரிக்கிறது என்று முடிவு செய்து என் மனைவியிடம் சொன்னேன்.

"எங்க ஊருக்குப் போனாத்தான் வண்டி நாறுதாக்கும்?" என்றாள். அன்று சாயங்காலக் காப்பியை நானே போட்டுக்கொண்டேன்.

கார் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு, எந்த நாள் எந்த வேகத்தில் எந்த இடத்தில் நாற்றம் என்று ஓர் அட்டவணையும் வைத்தேன். மூன்று வாரம் கழித்து முதல் நினைவூட்டல். பிறகு இரண்டாவது. பதில் போடாமல் இருப்பது எப்படி என்பது எனக்குத் தெரியாத கலை அல்ல. ஆனால் அதை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அனுபவித்தது அதுவே முதல் தடவை.

இதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதினி கோயில் படியில் கால் இடறி விழுந்தார் என்று போன் வந்தது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். போனை வைத்த பிறகு என் மனைவி கார் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது.

மறுநாளே தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டைக்குப் போனேன். திருநெல்வேலி ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், பழைய வண்டி மட்டும்தான் தொடுவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கீகாரம் எதுவும் இல்லை. பெயர்ப் பலகைகூட இல்லை; வேப்பமரத்தில் ஒரு டயர் தொங்கியது. அவர் பெட்ரோல் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது.

"மூச்சு முட்டுது அண்ணாச்சி இதுக்கு."

காருக்கு அடியில் படுத்து, கையளவு கறுப்பு டப்பா ஒன்றைக் கழற்றி எடுத்து, என் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே சலசலவென்று சத்தம்.

"உள்ள கரி இருக்கு. அடுப்புக்கரி மாதிரிதான், கொஞ்சம் விலைகூடுன கரி. வெயில்ல டேங்குல இருந்து கிளம்புத ஆவிய இது பிடிச்சு வச்சுக்கிடும். வண்டி ஓடும்போது இன்ஜின் அத உறிஞ்சிக்கிடும். வெளிய ஒரு பொட்டு நாத்தம் வராது. ஆனா கரி காஞ்சு கிடக்கணும். இது என்ன, ரசம் வச்ச சட்டி கணக்கா சலம்புது?"

"எதனால் அப்படி?"

அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெட்ரோல் எப்பிடிப் போடுதிய?"

"ஒழுங்காகத்தான்" என்றேன். ஆதாரமாக என் குறிப்பேட்டையும் எடுத்துக் கொடுத்தேன். கார் வாங்கிய நாளிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் என்று விடாமல் எழுதி வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் தொட்டியின் கொள்ளளவை முப்பத்தைந்து லிட்டர் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அவர் எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார்.

"டேங்கு முப்பத்தஞ்சு லிட்டர். சரியா?"

"சரி."

"இங்கன முப்பத்தாறு போட்டிருக்கிய. அடுத்தாப்புல முப்பத்தாறரை. அதுக்கு முன்ன டேங்கு துடைச்சுப் போட்ட மாதிரி காலியாவா இருந்திருக்கும்? மிச்சத்த எங்க ஊத்துனிய, டிக்கியிலயா?"

குறிப்பேட்டைத் திரும்ப வாங்கி மூடினேன். கேள்வி முறையாகவே இருந்தது.

நடந்தது இதுதான். புன்னைக்காயல் பயணம் என்றால் முதல் வேலையாகத் திருச்செந்தூர் ரோட்டுப் பெட்ரோல் பங்கில் தொட்டியை நிரப்புவேன். குழாய் டக்கென்று தானாக நிற்கும். பங்குக்காரப் பையன், "ஆட்டோ கட் ஆயிட்டு சார்" என்பான். "இன்னும் பிடிக்கும், கழுத்து வரைக்கும் போடு" என்பேன். பிறகு காரின் பின்பக்கத்தில் இடுப்பை வைத்து நாலு ஆட்டு ஆட்டுவேன். குமிழி வெளியேறி இன்னும் கொஞ்சம் இறங்கும். மறுபடி போடச் சொல்வேன். டவுனுக்குள் ஓட்டுவதற்கு ஒருபோதும் நிரப்பியதில்லை. வொர்க்‌ஷாப்புக்கு நிரப்பிக்கொண்டு போவானேன்? ஆவி போக வேண்டிய குழாய் வழியாகப் பெட்ரோலே போய்க் கரியை மூழ்கடித்திருக்கிறது. நாற்றம் புன்னைக்காயல் ரோட்டில் மட்டும் வந்திருக்கிறது.

"மேல கொஞ்சம் இடம் விடணும் அண்ணாச்சி" என்றார் அவர் பொறுமையாக. "டேங்குன்னா அதான முறை? பெட்ரோல் வெயிலுக்கு விரியும்லா?"

இதை என்னிடம் சொல்ல இந்த உலகில் யாருக்கும் தகுதி இல்லை என்று அந்த நிமிடம் வரை நம்பியிருந்தேன்.

வேறொரு டப்பா வரவழைத்து மாட்டினார். கையோடு மற்றக் குழாய்களையும் பார்த்துவிடலாம் என்று ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் கரைத்து, மூட்டுக்கு மூட்டு நுரை பூசி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று விட்டார். ஓர் இடத்தில் நுரை குமிழி விட்டது. அந்த ரப்பர் துண்டை மாற்றினார். கம்பெனியின் கணினிக்குத் தெரியாததைத் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு காட்டிக்கொடுத்தது.

பில் எழுதும்போது ஒரு சிறு திருத்தம் கேட்டேன்.

"கரி டப்பா பழுதுன்னு எழுதுங்க."

"எதனாலன்னு எழுத?"

"காலப்போக்கில்."

அவர் சிரிக்காமல் எழுதினார். அதற்காகவே அவரை மதிக்கிறேன். வீட்டுக்கு வந்து பில்லைக் காட்டி, உதிரி பாகம் காலப்போக்கில் பழுதாகிவிட்டது என்று அறிவித்தேன். என் மனைவி பில்லைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பில்லை மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தேதிக்குப் போனோம். முதல் டக்கிலேயே குழாயை எடுக்கச் சொன்னேன். பங்குக்காரப் பையன் எனக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டான். மதினி கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். இழுத்து மோந்தார். பின் சீட்டுப் பக்கமும் போய் மோந்தார்.

"நாறல" என்றார். அதில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

"பெறவு ஏறுங்க அக்கா" என்றாள் என் மனைவி.

"சீட்டு சுடுது."

துண்டு விரித்தோம். "சாமியார்ட்ட சொல்லல." பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். "கோழிக்கு ஆரு இரை வைப்பா?" பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. அதற்கு மேல் காரணம் எதுவும் மிச்சமில்லாமல் ஏறி உட்கார்ந்தார். வழியில் முக்காணி வருவதற்குள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"ஏளா, கண்ண வெளிய எடுத்துட்டா வைப்பாவ?"

"யாரு சொன்னா? பத்து நிமிசம்தான்."

"கைய விட்டுராத."

நான் முன்னால் பார்த்து ஓட்டினேன். இரண்டு மாதமாக அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சாக்கு. அதைக் கழுத்து வரை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கண்கட்டை அவிழ்த்த மறுநாள் மதினி எங்கள் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து, காலண்டரில் இருந்த சின்ன எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தபால்காரர் வந்தார். கார் கம்பெனியின் முத்திரையோடு நீளமான உறை. நான் குளியலறையில் இருந்தேன்.

"குடு ஏளா, நான் படிக்கேன்" என்று மதினியின் குரல் கேட்டது. துண்டோடு வெளியே வந்தபோது கடிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வகுப்பில் டிக்டேஷன் கொடுக்கிற குரலில் ஆங்கிலத்தில் வாசித்து, வரிக்கு வரி தமிழும் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்கள் விவரங்களைப் பரிசீலித்தோம். இத்தகைய நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம், குழாய் முதல் முறை தானாக நின்ற பிறகும் எரிபொருள் நிரப்புவதே. கையேட்டில் இது தெளிவாகக் கூறப்பட்டுள்ளது." கடைசி வாக்கியத்தை, பின் பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல இரண்டாம் முறையும் வாசித்தார்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இடுப்ப வச்சு ஆட்டுவியளே, அது கையேட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு?"

மதினி கடிதத்தை மடித்து, புதுக் கண்ணால் என்னைத் தெளிவாகப் பார்த்தார். "காலப்போக்கில்" என்றார்.

அவருக்கு அந்த வார்த்தை எப்படித் தெரிந்தது என்று நான் விசாரிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து, முறைப்படி பதிவு செய்தேன்: கம்பெனியின் பதில் பெறப்பட்டது, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமை.